நாற்பத்தேழு கிலோ

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறாரா?

ஒரு நல்ல சமாசாரம். என் மோட்டார் சைக்கிளுக்குச் சைடுகார் பூட்டப் போகிறேன். எங்கள் நில அளவை அலுவலகத்தில் ஓய்வுபெற்ற டிரைவர் வீட்டின் பின்புறம் ஒன்று சும்மா கிடந்தது. ஒற்றைச் சக்கரம், அதன்மேல் படகு போல ஒரு பெட்டி. துரு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் வடிவம் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் பூட்டிவிட்டால் குடும்பத்தோடு வெளியே போகலாம். இத்தனை நாளும் நான் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனால் இன்னொன்று வாசலில் உருண்டு அழுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவுக்காகத்தான் இந்த யோசனை. முழங்கால் அப்படி ஆனபிறகு பஸ் படியும் ஏற முடியவில்லை, பின்சீட்டில் காலைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. இதில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வைக்கும் வாடகை வண்டி எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டேன்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கிறவள் நீ. இதற்கும் ஒரு சீட் தைத்துக் கொடு. எப்படிப் பூட்டுவது என்று உங்கள் மேஸ்திரியையும் கேட்டு எழுது.

உன் பிரியமுள்ள தம்பி

ஜனவரி 15

தம்பிக்கு,

ஆசீர்வாதம். மாமா சுகம். என் முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அங்கேயே இருக்கிறது. அதைக் கேட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வடிவம் கண்ணில் நிற்கிறதாமே! ஒன்றரை வருஷமாக அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அது உன் கண்ணில் நிற்கவில்லையா? வாடகை வண்டியை நிறுத்தியதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். சைடுகார் தயாராகும்வரை அவள் வீட்டுக்குள் கிடக்க வேண்டும், அப்படித்தானே?

போனால் போகிறது, நல்ல காரியம் என்பதால் விடுகிறேன். அம்மா எங்கே போக ஆசைப்படுகிறாள் என்று உனக்குத் தெரியும். பித்தான் கடைக்காரி. நாற்பது வருஷச் சிநேகிதம். அந்த அம்மாள் கடையை விட்டு நகர முடியாது, இவள் வீட்டை விட்டு நகர முடியாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெட்டியை வண்டியோடு சேர்க்க நான்கு இடத்தில் பூட்டு வேண்டும், மூன்று போதும் என்று எந்த வெல்டிங்காரன் சொன்னாலும் கேட்காதே. சைடுகார் காலியாக இருந்தால் திருப்பத்தில் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதனால் முதலில் நாற்பத்தைந்து, ஐம்பது கிலோ எடையை வைத்து, ஆள் இல்லாத மைதானத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பழக வேண்டும். மணல் மூட்டை போதும்.

சீட்டை நான் தைக்கிறேன். அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்து அனுப்பு. அதில் முதலில் அம்மா உட்கார வேண்டும். உன் பெண்டாட்டியோ பிள்ளைகளோ அல்ல. முதலில் அம்மா. சுவரில் எழுதி ஒட்டிக்கொள்.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். பெரியவளுக்கு ஜலதோஷம், சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது.

சைடுகார் வேலை மும்முரமாக நடக்கிறது. துருவை உப்புக்காகிதம் போட்டு நானே தேய்த்தேன். கரும்பச்சை அடிக்கலாம் என்று இருந்தேன், என் மனைவி கிளிப்பச்சைதான் எடுப்பாக இருக்கும் என்றாள். அடித்தாயிற்று. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. பெட்டியின் மூக்கில் வெள்ளைக் கோடு ஒன்று, நான் அலுவலகத்தில் வரைபடத்துக்கு வைக்கும் அளவுகோலால் அளந்து போட்டது.

சீட் அளவு: அகலம் 52.5, ஆழம் 34, உயரம் 19 சென்டிமீட்டர். சாய்மானத்தில் பித்தான் வைத்துத் தைத்தால் அழகாக இருக்கும் என்று அவள் சொல்கிறாள்.

அம்மா நலம்.

உன் தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

இங்கே சுகம். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கச் சொல். பல் முளைக்கும்.

நீ அனுப்பிய அளவைப் பார்த்ததும் எனக்கு வாயில் கசந்தது. முப்பத்து நான்கு ஆழத்தில் எந்தப் பெரிய மனுஷி உட்காருவாள்? அது இரண்டு குழந்தைகள் ஒட்டி உட்காருகிற அளவு. இருபது வருஷமாகச் சீட் தைக்கிறேன், அளவைப் பார்த்தால் உட்காருகிற ஆள் எனக்குத் தெரிந்துவிடும். ஊரையே அளக்கிற அலுவலகத்தில் உத்தியோகம், பெற்றவளின் காலை அளக்க உனக்கு டேப் கிடைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ ஓட்டுவாய். அவள் பின்சீட்டில். பிள்ளைகள் இரண்டும் பெட்டியில். அம்மா எங்கே உட்காருவாள், மட்கார்டிலா?

அளவை நான் மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு நான் பாவாடை தைத்திருக்கிறேன், அவள் உயரம் என் கையிலேயே இருக்கிறது. ஆழம் நாற்பத்தாறு. முன்பக்கம் தாழ்த்தியிருக்கிறேன், முழங்கால் மடங்காமல் நீட்டலாம். உள்ளே பஸ்ஸுக்குப் போடுவதைவிட நல்ல பஞ்சு. மேலே கறுப்பு ரெக்ஸின், இரட்டைத் தையல். பித்தான் கித்தான் ஒன்றும் கிடையாது, முதுகில் குத்தும். பார்சல் நாளை புறப்படும்.

‘அம்மா நலம்.’ இரண்டு வார்த்தை. அதற்கு நீ மை செலவழித்ததே பெரிது.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வருஷக் கடைசி, அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை. நாங்கள் நலம். உனக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

சீட் வந்தது. உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வழவழவென்று, ஒரு சுருக்கம் இல்லை. அழுக்காகிவிடக் கூடாது என்று அவள் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள்.

பூட்டியாயிற்று. தினமும் காலையில் பழைய ஆலை மைதானத்தில் ஓட்டிப் பழகுகிறேன். மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பைக் ஓட்டுவது மாதிரியே இல்லை இது, சாய்ந்து திரும்பினால் ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறது. எடை வைத்துத்தான் ஓட்டுகிறேன், நாற்பத்தேழு கிலோ. மேஸ்திரியிடம் சொல். எடையும் ஆடாமல் அசையாமல் பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதம் பிள்ளைகளை ஏற்றிவிடலாம்.

அம்மாவும் தினமும் வண்டியில் வெளியே போய்வருகிறாள். காலைக் காற்று அவளுக்கு நல்லது.

உன் தம்பி

மார்ச் 17

பிரியமுள்ள தம்பிக்கு,

நலமாக இரு. உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். பட்டறையில் மேஸ்திரிக்கும் சொன்னேன். “உங்க தம்பிய ரொம்பத் திட்டிட்டீங்க, பாவம்”என்றார். திட்டித்தான் விட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. தூரத்தில் இருக்கிறவளுக்கு வாய் நீளம், வேறென்ன செய்ய?

பித்தான் கடைக்குப் போனாளா? அந்த அம்மாள் என்ன சொன்னாள்? சீட்டில் காலை நீட்ட வசதியாக இருக்கிறதா, இடிக்கிறதா? இடித்தால் நான் வேறு தைக்கிறேன். அம்மாவை அவள் கையாலேயே நாலு வரி எழுதச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். எழுத வேண்டும் எழுத வேண்டும் என்றே நாள் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு முதல் பயணம் போய்வந்தோம், அணைக்கட்டுவரை. வழியெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். சின்னவன் எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், பார். இப்போது வண்டி என் சொல்படி கேட்கிறது. எந்தத் திருப்பத்திலும் பயமில்லை.

அம்மா வரவில்லை. காலில் கொஞ்சம் சுளுக்கு. அவளும் “நீங்க போயிட்டு வாங்க”என்று சொல்லிவிட்டாள். கடிதம் எழுதச் சொன்னேன், அப்புறம் எழுதுகிறேன் என்றாள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் தம்பி

மே 5

தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை. உன் போட்டோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

உன் பிள்ளைகளைப் பார்த்தேன், சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு சீட்டைப் பார்த்தேன். வெளிப்பக்க ஓரத்தில் ஒரு சாண் கிழிந்து, கோணி ஊசியால் யாரோ இழுத்துத் தைத்திருக்கிறார்கள். நான் போட்டது இரட்டைத் தையல். ஐம்பது பேர் ஏறி இறங்குகிற பஸ்ஸிலேயே அது ஏழு வருஷம் தாங்கும். உட்கார்ந்து கிழிந்ததல்ல அது, தரையில் தேய்ந்து கிழிந்தது. பெட்டியின் அந்தப் பக்கம் மட்டும் பச்சை புதிதாக இருக்கிறது. உன் வெள்ளைக் கோடு அங்கே வந்து நிற்கிறது, மேலே போகவில்லை. மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது கவுந்த வண்டிம்மா”என்றார்.

எப்போது கவிழ்ந்தது? உள்ளே என்ன இருந்தது?

அம்மாவின் சுளுக்கு எந்தக் காலில்?

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம், தபால்தலை ஒட்டிய உறையோடு இதே தபாலில் போட்டிருக்கிறேன். தபால்காரர் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் கையெழுத்தில் பதில் வர வேண்டும்.

அக்கா

மே 14

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? மாப்பிள்ளை சுகமா? வேளைக்குச் சாப்பிடு. தையல் மெஷினில் குனிந்தே உட்காராதே, நடுவில் எழுந்து நட.

கேட்டிருக்கிறாய், சொல்லிவிடுகிறேன். பொய் எழுத எனக்கு வராது. அவனைத் திட்டாதே, அதுதான் நிபந்தனை.

சீட் வந்த அன்று மணல் மூட்டையும் வந்தது. மூட்டையை வைத்தால் புது ரெக்ஸின் கீறிப்போகும், மண் ஒட்டும் என்று மருமகள் சொன்னாள். நியாயந்தானே, நீ அவ்வளவு பாடுபட்டுத் தைத்தது. அப்போது இவன் என்னைப் பார்த்தான். “அம்மா, நீ எத்தன கிலோ இருப்ப?”என்றான். எனக்கென்ன தெரியும்? பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப்போனான். அங்கே பேப்பர் கட்டு எடைபோடும் மேடைத் தராசில் ஏறி நின்றேன். நாற்பத்தேழு வேண்டும் என்று இவன் சொல்லியிருந்தான், முள் நாற்பத்து மூன்றில் நின்றது. கடைக்காரர், “கொறையுதே”என்றார். எல்லோரும் சிரித்தோம். குறைந்த நாலு கிலோவுக்கு இரண்டு செங்கல்லைக் காகிதத்தில் சுற்றி என் மடியில் வைத்தான்.

இருபத்து மூன்று நாள் போனேன். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முதல் நாள் வெளிக்காற்று பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மைதானத்தின் கிழக்கு மூலையில் திரும்பும்போது மதிலுக்கு மேலே பித்தான் கடைத் தெருவின் மாடிகள் தெரியும். நாலாம் நாள் கேட்டேன், அங்கே ஒரு எட்டுப் போகலாமா என்று. “ரோட்டுல இன்னும் பழகலம்மா, ஆபத்து”என்றான். அப்புறம் கேட்கவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் பார்த்துக்கொள்வேன்.

கடைசி நாள் வேகமாகத் திரும்பிப் பார்க்கிறேன் என்றான். என் பக்கம் மேலே எழும்பியது. அவன் பயந்து பிரேக்கை அழுத்தினான். பூட்டு மூன்றுதான் போட்டிருந்தான், அதில் ஒன்று விட்டது. பெட்டி கழன்று சாய்ந்து நான் கீழே, செங்கல் என் மேலே. தோள்பட்டை எலும்பு விட்டுப்போயிற்று. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று, கை ஓரளவு தூக்க வருகிறது.

பிள்ளைகள் ஏறியிருந்தபோது நடக்காமல் போனதே, அதுவே பெரிய புண்ணியம் என்று மருமகள் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். நாலாவது பூட்டை அதன் பிறகு போட்டான். இப்போது வண்டி நன்றாக ஓடுகிறதாம்.

உன் சீட் ரொம்ப வசதி. காலே வலிக்கவில்லை.

அம்மா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அம்மா உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரிந்தது. நானே எழுத இருந்தேன். நீ கவலைப்படுவாய் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். எடை வைத்து ஓட்டச் சொன்னது யார்? முதலில் அம்மா உட்கார வேண்டும் என்று எழுதியது யார்? சுவரில் எழுதி ஒட்டிக்கொள் என்றாய். உன் வார்த்தையை நான் ஒரு எழுத்துத் தப்பாமல் செய்தேன். அம்மாவும் சந்தோஷமாகத்தான் ஏறினாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேறு யாரை வைத்துப் பார்ப்பது, பச்சைப் பிள்ளைகளையா? அவள் விழுந்த அன்று நான் சாப்பிடவில்லை, நாள் முழுக்க அழுதேன். அது உனக்குத் தெரியாது.

உன் தம்பி

மே 24

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பழைய பேப்பர் கடைத் தராசு! பழைய காகிதம் ஏறுகிற தட்டில் அவளை ஏற்றிவிட்டு, எடை குறைகிறது என்று சிரித்திருக்கிறாய். ரெக்ஸினில் கீறல் விழக் கூடாது என்று மூட்டையை இறக்கிவிட்டு அவளை ஏற்றியிருக்கிறாய். எனக்கு என் தொழிலே குமட்டுகிறது. நான் எதை யாருக்காகத் தைத்தேன், அதை எதற்குக் காரணமாக்கினீர்கள் நீங்கள் இரண்டு பேரும்!

எடை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினாயே. அந்த வரியை எழுதும்போது அடுத்த அறையில்தானே அவள் இருந்தாள்? உன் பேனா எப்படி ஓடியது? அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் உனக்குப் பிரியமுள்ள தம்பி என்று எழுதினேன். உன்மேல் வருகிற அருவருப்பு அதை நினைத்தால் என்மேலும் வருகிறது.

நான் எழுதியதைத்தான் செய்தாயாம். ஆமாம், எழுதினேன். என்ன பொருளில் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதாயாம், சாப்பிடவில்லையாம். ஒரு வேளைச் சோற்றைக் கொண்டுவந்து தோள்பட்டை எலும்புக்கு ஈடு வைக்காதே.

வரும் பதினைந்தாம் தேதி வருகிறேன். அம்மாவின் துணிமணியைக் கட்டி வை. அவள் இனி என்னோடு இருப்பாள்.

அக்கா

ஜூன் 6

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உறையின் பின்னால் இருக்கிற விலாசத்தைப் பார்த்து மலைத்திருப்பாய். ஆமாம், பித்தான் கடையின் பின்கட்டில்தான் இருக்கிறேன். வந்து ஆறு நாள் ஆகிறது.

நடந்தே வந்தேன். மற்றவர்களுக்கு அரை மணி நடை. நான் ஒன்பது இடத்தில் உட்கார்ந்து எழுந்து, மூன்று மணி நேரத்தில் வந்தேன். வழியில் ஒரு தையல்காரர் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். இப்படி வந்துவிட முடியும் என்று இத்தனை நாளும் எனக்குத் தோன்றவே இல்லை, பார். வண்டி வரும் வண்டி வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இவள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பித்தான் டப்பாவைக் கீழே போட்டாள். இரண்டு பேரும் சாயங்காலம்வரை தரையில் பொறுக்கினோம். இருந்துவிடு என்றாள். கடையில் ஒரு ஆள் தேவையாம். நான் உட்கார்ந்து நிறம் பிரித்துக் கொடுக்கிறேன், சமயத்தில் வருகிறவர்களுக்கு எண்ணியும் கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை அவன் என்னிடம் காட்டினான், நான் உன்னைத் திட்ட வேண்டும் என்று. ரொம்பக் கடுமையாக எழுதியிருக்கிறாய். உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா முதலில் உட்கார வேண்டும் என்று நீ எழுதினாய், அவன் உட்கார வைத்தான். அம்மாவின் துணியைக் கட்டி வை என்று இப்போது எழுதியிருக்கிறாய். நான் வருகிறேனா என்று நீயும் கேட்கவில்லை.

நான் வந்த மறுநாள் அவன் தேடிக்கொண்டு வந்தான், அந்தப் பச்சை வண்டியில். கடைவாசலில் நிறுத்தி, “ஏறும்மா, வீட்டுக்குப் போலாம், ஊரு சிரிக்குது”என்றான். நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்து என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். நல்ல பிள்ளையாகத்தான் தூக்கினான், அழுதுகொண்டே. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, கண்ணு. நான் பெற்று, குளிப்பாட்டி, சோறு பிசைந்து ஊட்டி வளர்த்த கை. அது என்மேல் பட்டது எனக்கு அருவருப்பாக இருந்தது. உதறிவிட்டேன். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இப்படி ஒரு வார்த்தை நான் எழுதியதில்லை, நினைத்ததும் இல்லை. எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

பதினைந்தாம் தேதி நீ வா. என்னைக் கூட்டிக்கொண்டு போக வராதே, பார்த்துவிட்டுப் போக வா.

அம்மா